11 மாதத்துக்கு ஒருமுறை திறக்கும் ஃபைல்

சென்னையில் வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு 11 மாத ஒப்பந்தம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். அந்தச் செலவும் அலைச்சலும் வேண்டாம் என்றுதான் ஒரு மாதத்தைக் குறைத்து 11 என்று போடுவார்கள். அது முடிந்ததும் இன்னொரு 11. வாடகையில் நூறு இருநூறு ஏறும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். என் முதல் கம்ப்யூட்டரைப் பற்றி யார் கேட்டாலும் நான் இந்த 11 மாதத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். இந்தக் கணக்கு இல்லையென்றால் அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் துணி போர்த்தி வைத்த சாமானாகவே இருந்திருக்கும்.

நான் டைப்ரைட்டிங்கில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்தவள். கல்யாணமாகி சைதாப்பேட்டைக்கு வந்த பிறகு, வீட்டு முன்னறையில் ஒரு தமிழ் ரெமிங்டனும் ஒரு ஆங்கில மெஷினும் போட்டு ஜாப் டைப்பிங் செய்துகொண்டிருந்தேன். கோர்ட்டுக்குப் பக்கம் என்பதால் வேலைக்குக் குறைவில்லை. வாடகை ஒப்பந்தம், அஃபிடவிட், கார்ப்பரேஷனுக்கு மனு, பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம் என்று காலையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

பத்திரத்தாளை மெஷினில் ஏற்றும்போதே கைக்கு ஒரு ஜாக்கிரதை வந்துவிடும். மேல் பாதியை முத்திரை பிடித்துக்கொள்ளும், மிச்ச இடத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். தமிழ் மெஷினில் புள்ளிக்கான விசையைத் தட்டினால் தாளை நகர்த்தும் வண்டி நகராது. முதலில் புள்ளி, பிறகு அதே இடத்தில் எழுத்து. 'ஒப்பந்தம்' என்ற ஒரு சொல்லிலேயே மூன்று புள்ளி. பெயரிலோ கதவு எண்ணிலோ ஒரு எழுத்து பிசகினால் வெள்ளை பூசி மறைக்க முடியாது. அடித்துத் திருத்தி, அந்த இடத்தில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால் செல்லும். ஆனால் அடித்தல் திருத்தல் உள்ள பத்திரத்தை எந்த ஹவுஸ் ஓனரும் ஆசையாக வாங்கிக்கொள்ள மாட்டார். மறுபடி வெண்டரிடம் போய்ப் புதுத்தாள் வாங்கி வர வேண்டும், முதல் வரியிலிருந்து அடிக்க வேண்டும். போன வருடம் அடித்த அதே ஒப்பந்தத்தை, அதே ஆட்களுக்கு, அதே வாசகங்களோடு, இந்த வருடமும் உட்கார்ந்து முழுக்க அடித்துக்கொண்டிருந்தோம். அதை யாரும் குறையாகவே நினைக்கவில்லை, வேலை என்றால் அப்படித்தான் என்று இருந்தது.

1999இல் எனக்கு ஒரு சீட்டுப் பணம் வந்தது. தம்பி அப்போது பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தான். "அக்கா, பிராண்டட் வாங்காத, ரிச்சி ஸ்ட்ரீட்ல அசெம்பிள் பண்ணிடலாம்" என்றான். மவுண்ட் ரோட்டில் கேசினோ தியேட்டர் பக்கம் இறங்கி உள்ளே திரும்பினால் அந்த வெயிலிலும் தெருவில் நடக்க இடமிருக்காது. நரசிங்கபுரம் தெரு வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒவ்வொரு கடையிலும் ஒரு துண்டுத்தாளில் மேலிருந்து கீழாக எழுதித் தருவார்கள்: செலரான் பிராசசர், 32 எம்பி ராம், 4.3 ஜிபி ஹார்ட் டிஸ்க், 14 இன்ச் மானிட்டர். கடைசியில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "ஒரு மல்டிமீடியா கிட் போட்டுக்கங்க மேடம், பசங்க பாட்டு கேக்கும், கேம் ஆடும்."

அதை வேண்டாம் என்றேன். ஸ்பீக்கர், சிடி டிரைவ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பணத்தை மூன்று பொருளில் போட்டேன். இன்றைக்கும் யாராவது வேலைக்கென்று கம்ப்யூட்டர் வாங்கப்போனால் இதையேதான் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற வேகத்தைவிடக் கையும் தாளும் கரண்டும் படுகிற இடத்தில் செலவு செய்யுங்கள்.

முதல் பொருள் கீபோர்டு. டைப்ரைட்டரில் பழகின விரலுக்குக் கடைக்காரர் இலவசமாகத் தரும் ரப்பர் கீபோர்டு சரிப்படாது. எழுத்து விழுந்ததா இல்லையா என்று விரலுக்குத் தெரிய வேண்டும். நம் ஊர் டிவிஎஸ்ஸின் மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்விட்ச். விலை கூடத்தான். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு கம்ப்யூட்டர் மாற்றிய பின்னும் அந்தக் கீபோர்டு மாறவில்லை.

இரண்டாவது பிரிண்டர். இங்க்ஜெட் அப்போது கவர்ச்சியாக இருந்தது. நான் டாட் மேட்ரிக்ஸ் எடுத்தேன், அதிலும் 24 பின் உள்ளது. 9 பின் பிரிண்டர் ஆங்கிலத்துக்குப் போதும். தமிழில் ண, ன, ணை போன்ற எழுத்துகளின் சுழிகள் அதில் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும், சிறிய எழுத்தில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. பத்திரத்தில் 'ன' எது 'ண' எது என்று சந்தேகம் வந்தால் அது பத்திரமே இல்லை. இன்னொன்று, டாட் மேட்ரிக்ஸ் ஊசியால் குத்தி அச்சடிப்பது. அடியில் கார்பன் வைத்தால் நகலும் விழும். லேசரிலோ இங்க்ஜெட்டிலோ அது நடக்காது. கனமான பத்திரத்தாளையும் அது சுருட்டாமல் இழுத்துக்கொண்டது.

மூன்றாவது யுபிஎஸ். அதைப் பற்றிக் கீழே வருகிறேன்.

வீட்டுக்கு வந்த முதல் சில மாதம் அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நல்ல டைப்ரைட்டராக மட்டும்தான் இருந்தது. அதில் ஒன்று மட்டும் உடனே மாறியது. முதலில் வெள்ளைத்தாளில் ஒரு பிரதி எடுத்துக் கையில் கொடுத்துவிடுவேன். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தரப்பும் படிப்பார்கள். டைப்ரைட்டர் காலத்தில் படிக்கிற வழக்கமே கிடையாது, ஏனென்றால் படித்துத் தப்பு கண்டுபிடித்தால் எல்லோருக்கும் நஷ்டம். இப்போது படித்தார்கள். பக்கத்துத் தெருவில் மூன்று போர்ஷன் விட்டிருந்த ஒரு பாட்டி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒவ்வொரு வரியாகப் படிப்பார். "ஏம்மா, தண்ணி மோட்டார் கரண்ட் பில்லு யாரு கட்டணும்னு இதுல வரலியே?" என்று கேட்டவர் அவர்தான். அந்த ஒரு வரி அன்றைக்கு என் ஒப்பந்த மாதிரிக்குள் ஏறியது, இன்று வரைக்கும் இருக்கிறது. பெயின்ட் அடிக்கும் செலவு, காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், முன்பணத்தில் எதை எதைக் கழிக்கலாம் என்று இப்படிப் படித்தவர்கள் கேட்கக் கேட்க, பத்து வரி ஒப்பந்தம் மூன்று பக்கமாக வளர்ந்தது. சண்டை வருகிற இடங்கள் எல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தன.

அடுத்த வருடம்தான் விஷயம் பிடிபட்டது. ஒரு புரோக்கர், ஹவுஸ் ஓனரோடு வந்து நின்றார். "அக்கா, போன தபா போட்ட அதே அக்ரிமென்ட் போட்ருங்க. வாடகை மட்டும் எர்நூறு ஏத்திக்கங்க." ஃபைலைத் திறந்து தேதியையும் தொகையையும் மாற்றி, வெள்ளைத்தாளில் காட்டி, பத்திரத்தாளில் எடுத்துக் கொடுத்தேன். அவர் வெளியே நிறுத்திய வண்டியை ஆஃப் பண்ணாமல்கூட இருந்திருக்கலாம். அதன் பிறகு அந்தப் புரோக்கர் வேறு எங்கும் போகவில்லை, அவரோடு இருந்த மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள்.

அன்றைக்கே ஃபோல்டர்களை மாற்றினேன். அதுவரை ஆள் பெயரில் வைத்திருந்ததை எடுத்து, ஒப்பந்தம் முடிகிற மாதத்தின் பெயரில் வைத்தேன். ஜனவரி 1இல் ஆரம்பித்தால் நவம்பர் 30இல் முடியும், அது நவம்பர் ஃபோல்டருக்குள் போகும். ஃபைல் பெயரில் தெருவும் கதவு எண்ணும் முதலில், ஓனர் பெயர் அடுத்து, வருடம் கடைசியில். குடித்தனக்காரர் மாறுவார், கதவு எண் மாறாது. ஒவ்வொரு மாதமும் அந்த ஃபோல்டரைத் திறந்து ஓனர்களுக்குப் போன் போடுவேன்: "சார், அடுத்த மாசத்தோட உங்க மாடி போர்ஷன் அக்ரிமென்ட் முடியுது." பாதிப் பேருக்கு அது ஞாபகமே இருக்காது. வேலை என்னைத் தேடி வந்த நிலை மாறி, வேலை எப்போது வரும் என்று எனக்கே தெரிகிற நிலை வந்தது. என் கணவருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் சம்பளம் தள்ளிப்போன நாட்களில் அந்த ஃபோல்டர்கள்தான் வீட்டை ஓட்டின. அந்தக் கம்ப்யூட்டர் இல்லாமல் முடியாது என்று ஆனது அப்படித்தான்.

பழைய ஃபைலைத் திருத்திப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

வேறொருவருடைய ஒப்பந்தத்தைத் திறந்து பெயரை மாற்றி இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது. மூன்றாம் பக்கத்தில் பழைய ஆளின் அப்பா பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். 'தேடி மாற்று' என்ற வசதி இருக்கிறதே என்பார்கள். தமிழில் அது கைகொடுக்காது. 'குமார்' என்று தேடினால் 'குமாருக்கு', 'குமாரிடம்', 'குமாரால்' எதுவும் அகப்படாது, வேற்றுமை உருபு சேர்ந்த உடனே 'ர்' உருமாறிவிடுகிறது. அதனால் என் மாதிரியில் ஆள் பெயர் முதல் பத்தியில் ஒரே ஒரு தடவைதான் வரும். அதன் பிறகு முழுக்க 'வீட்டு உரிமையாளர்', 'வாடகைதாரர்' மட்டுமே. பெயர் வர வேண்டிய இடத்தில் கோடு போட்ட ஒரு வெற்று மாதிரியைத் தனியாக வைத்து, புது ஆள் வந்தால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தேதியைக் கையால் அடியுங்கள். வேர்டில் தேதியைத் தானாகப் போடும் வசதியில் 'தானே புதுப்பித்துக்கொள்' என்ற குறி இருந்தால், ஆறு மாதம் கழித்து அந்த ஃபைலைத் திறக்கும்போது அன்றைய தேதி வந்து உட்கார்ந்துவிடும். நகல் எடுக்க வந்தவருக்குத் தேதி மாறிய பத்திரம் போய்ச்சேரும். மதர்போர்டில் இருக்கும் அந்த நாணயம் அளவு பேட்டரி தீர்ந்துவிட்டால் கம்ப்யூட்டரின் தேதியே பல வருடம் பின்னால் போய்விடும், அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த பேட்டரி எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும்.

இனி யுபிஎஸ். பேட்டரி தாங்குவது பத்துப் பதினைந்து நிமிடம். அது உட்கார்ந்து வேலை செய்வதற்கான நேரம் இல்லை. சேமித்து, அச்சில் இருக்கும் தாளை முடித்து, ஒழுங்காக மூடுவதற்கான நேரம். 2012இல் சென்னையில் தினம் 2 மணி நேரம் கரண்ட் நிறுத்தினார்கள், வெளி மாவட்டங்களில் அதைவிட மோசம். எங்கள் பகுதிக்கு எந்த நேரம் என்று தெரிந்துகொண்டு அந்த நேரத்தைப் படிப்பதற்கும் திருத்துவதற்கும் ஒதுக்கினேன், அச்செடுப்பதை முன்னாலேயே முடித்துவிடுவேன்.

கேபினட்டைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறதா? பழைய வீடுகளில் இது சகஜம், அதனால் விட்டுவிடவும் செய்கிறார்கள். பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டரிலிருந்து ஒரு சிறு மின்னோட்டம் உடம்புக்கு, அதாவது கேபினட்டுக்கு வரும். எர்த் இருந்தால் அது தரைக்குப் போய்விடும். இல்லையென்றால் தொடுகிறவர் வழியாகப் போகும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரிபார்த்த பிறகு கம்ப்யூட்டரை வையுங்கள். நாங்கள் அந்த வேலையை முடித்த பிறகுதான் மகள் பக்கத்தில் வர விட்டேன். பீப் பீப் என்று கத்திவிட்டுத் திரை வராமல் நின்றால், கரண்டை நிறுத்தி ராமைக் கழற்றி, தங்க நிறத்தில் இருக்கும் விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கடல் காற்றுக்கு அந்த விளிம்பு மங்கிப்போகும். இதற்காக ரிச்சி தெரு வரை தூக்கிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

எழுத்துரு விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

விண்டோஸ் 98இல் தமிழ் என்று ஒன்று தனியாகக் கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள்தான் இருந்தன. நான் பாமினியில் அடித்தேன். அதில் 'அம்மா' என்று திரையில் தெரிவது உள்ளுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்றுதான் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால் அந்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக வரைந்திருந்ததால் ஒருவர் அடித்ததை இன்னொருவர் படிக்க முடியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்'99 மாநாடு நடந்து, தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்ற எழுத்துக் குறியீடுகளும் தரமாக வந்தன. ஆனாலும் கடைகளிலும் அச்சகங்களிலும் அவரவர் எழுத்துருதான் ஓடியது.

2001 வாக்கில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்தார். எல்லோரும் புலவர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் நான்கைந்து கோடு போட்ட நோட்டு. வந்தவாசிப் பக்கம் அவருடைய ஊரில் அம்மாவும் அத்தைகளும் பாடிய நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் எழுதி வைத்திருந்தார். "பத்திரம் அடிக்கிற பொண்ணுன்னாங்க. எழுத்து எழுத்தா பாத்து அடிப்பியாமே, அதான் வந்தேன்" என்றார். மதியத்துக்கு மேல் ஆள் குறைந்த நேரத்தில் வருவார். அவர் வாசிக்க, நான் அடிப்பேன். நோட்டில் 'நாத்து' என்று இருந்தால் 'நாற்று' என்று அடிக்க விடமாட்டார். "எங்கம்மா பாடுனது நாத்துதாம்மா. இலக்கணம் எனக்கும் தெரியும், அது பாட்டுல வேணாம்." ஒப்பாரிப் பகுதி வந்தபோது அவர் வாசிக்கவில்லை. நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். முடிந்ததும் பிரிண்ட் எடுத்து, ஜெராக்ஸ் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தார். ஃபைலை ஒரு ஃபிளாப்பியில் போட்டு அவரிடமும் கொடுத்தேன்.

2014இல் அவருடைய மகள் வந்தார். ஐயா தவறிவிட்டார், நோட்டுகள் கரையான் அரித்துப் போயிருந்தன, ஸ்பைரல் பிரதி ஒன்று பாதிப் பக்கத்தோடு இருந்தது. புத்தகமாகப் போட வேண்டும் என்று ஃபிளாப்பியைக் கொண்டு வந்திருந்தார். அதன் தகட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. சென்னை ஈரத்துக்கு ஃபிளாப்பி அவ்வளவுதான் தாங்கும். ஆனால் கம்ப்யூட்டர் மாற்றும்போதெல்லாம் பழைய ஃபைல் எல்லாவற்றையும் புதியதற்குக் கொண்டுவந்துவிடுவது என் பழக்கம், சிடியிலும் ஒரு பிரதி வைத்திருந்தேன். தேடி எடுத்துத் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்து. ஃபைல் பெயரிலேயே எழுத்துருவின் பெயரையும் எழுதி வைத்திருந்ததால் பாமினி என்று உடனே தெரிந்தது. சென்னையில் நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகக் கொடுத்த என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றினேன்.

மாற்றியதோடு வேலை முடியாது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபைலுக்குள் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றி அலங்கோலம் செய்துவிடும். பாமினியில் காற்புள்ளி விசையில் 'இ' இருப்பதால், ஆங்கில முகவரியில் வரும் காற்புள்ளி ஒவ்வொன்றும் 'இ' ஆகிவிடும். மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகும். அடுத்தது 'ர'வும் காலும். பழைய ஃபைல்களில் 'ர' வர வேண்டிய இடத்தில் துணைக்காலைத் தட்டியிருப்பார்கள், தாளில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. யூனிகோடில் தேடும்போதுதான் அந்தச் சொல் அகப்படாமல் போகும். 'ஔ'வில் வரும் இரண்டாம் பகுதியும் 'ள'வும் அப்படியே. அதனால் மாற்றிய பிறகு திரையில் படிக்காமல் அச்செடுத்து ஒரு தடவை, பிறகு சந்தேகமான சொற்களைத் தேடி ஒரு தடவை பார்க்க வேண்டும். ஐயாவின் மகளும் நானும் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தோம். 'நாத்து' எல்லாம் நாத்தாகவே இருந்தன. மெய்ப்புப் பார்த்தவர் அதைத் திருத்தி அனுப்பியபோது, வேண்டாம், இது பாடினபடி என்று மகளே எழுதி அனுப்பினார். புத்தகம் வந்தது. ஒரு பிரதி என் மேஜையில் இருக்கிறது.

தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ அதற்கு முன்னால் அடித்த தமிழ் ஃபைல்கள் இருந்தால் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். பழைய எழுத்துருவின் கோப்பையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள், அது இல்லையென்றால் எதிலிருந்து மாற்றுவது என்றே பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

நான் யூனிகோடுக்கு வந்தபோது விசைப்பலகையையும் மாற்றினேன். பழைய டைப்ரைட்டர் முறையிலேயே தொடர வசதி இருந்தது. ஆனாலும் தமிழ்99 பழகினேன். உயிரெழுத்து இடது கையில், மெய் வலது கையில். புள்ளியைப் பெரும்பாலும் அதுவே போட்டுக்கொள்ளும். 'அம்மா' அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும், ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் முதலாவது தானாக மெய்யாகிவிடும். 'ந'வைத் தொடர்ந்து 'த' அடித்தால் 'ந்த' வந்துவிடும். புள்ளிக்கென்று தனி விசை தட்டித் தேய்ந்த விரலுக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வு என்று டைப்ரைட்டரில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். முதலில் வேகம் குறையும். வாடிக்கையாளர் காத்திருக்கும் வேலையைப் பழைய முறையிலும், அவசரமில்லாததைப் புது முறையிலும் அடித்துத்தான் பழகினேன். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குவது போனில் நாலு வரிக்குச் சரி. நாள் முழுக்கத் தமிழ் அடிக்கிறவர்கள் தமிழ்99க்கு வந்துவிடுவதே நல்லது.

2015 டிசம்பர் 1 இரவு அடையாற்றில் தண்ணீர் ஏறி சைதாப்பேட்டைத் தெருக்களுக்குள் வந்தது. கேபினட்டைக் கழற்றிப் பரணில் ஏற்றினோம். பிரிண்டரையும் யுபிஎஸ்ஸையும் எடுப்பதற்குள் முன்னறையில் தண்ணீர். அவை போயின. ஃபைல்களுக்குக் கவலைப்படவில்லை. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி பெரம்பூரில் தம்பி வீட்டில் இருந்தது, அந்தந்த மாதத்து வேலையை எனக்கே மின்னஞ்சலில் அனுப்பியும் வைத்திருந்தேன். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு வீட்டில் என்று கம்ப்யூட்டர்காரர்கள் சொல்வார்கள். அந்த 'வேறு வீடு' அதே தெருவில் இருந்தால் பிரயோஜனமில்லை என்பது அந்த மழையில் தெரிந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு வந்தவர்களை மறக்க முடியாது. பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்த பத்திரம், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் எல்லாம் சேறோடு ஊறிப்போனவர்கள். ஆவணங்களுக்கு நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம் நடத்தியது. வாடகை ஒப்பந்தத்துக்கு என்னிடம் வந்தார்கள். வாசகம் முழுக்க என்னிடம் இருந்தது, கையெழுத்து மட்டும் இல்லை. ஓனரையும் குடித்தனக்காரரையும் மறுபடி உட்கார வைத்து, புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. ஓனர் ஊரில் இல்லாதவர்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, கையெழுத்தான பத்திரத்தை ஸ்கேன் செய்து ஃபைலோடு சேர்த்து வைக்காமல் யாரையும் அனுப்புவதில்லை. நீங்கள் குடித்தனக்காரராக இருந்தால் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

2017இல் இயற்றிய புது வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்று ஆனது. வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது. 10 மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகின ஊரில் இது எத்தனை பேச்சைக் கிளப்பியது என்று சொல்ல வேண்டாம். என் மாதிரியில் வாசகங்களை மாற்றினேன், பாட்டி கேட்ட மோட்டார் பில் வரியைத் தொடவில்லை.

போன மாதம் நாத்தனார் மகள் கேட்டாள், வீட்டிலிருந்தே தமிழ் டைப்பிங், பத்திர வேலை எடுக்கலாம் என்றிருக்கிறேன், என்ன வாங்குவது அத்தை என்று. புது லேப்டாப்பே வேண்டும் என்றில்லை, எஸ்எஸ்டி போட்ட செகண்ட் ஹேண்ட் மெஷின் ஒன்று போதும் என்றேன். மிச்சப் பணத்தில் நல்ல கீபோர்டு, யுபிஎஸ், ஸ்கேனரோடு கூடிய லேசர் பிரிண்டர், வேறு வீட்டில் வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க். கடைக்குப் போவதற்கு முன்னால் எர்த் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ரிச்சி தெருவுக்கு வார நாளில் காலையிலேயே போய்விடுவோம், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடை மூடியிருக்கும்.